கருமணலும் உலோகமும்: கொக்கிளாய்க் கரையிலிருந்து ஒரு தைத்தேனிய வரலாறு

வாடைக்காற்று ஓய்ந்து மாரி விலகும் காலத்தில், முல்லைத்தீவின் தென்கரையோரமாக அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என நடந்து செல்பவர் வெண்மணலின் மீது கரும்பட்டைகள் படிந்திருப்பதைக் காண்பர். அள்ளிப் பார்க்கும் கைக்கு அம்மணல் தன் அளவுக்கு மிஞ்சிய பாரமாயிருக்கும். வலிய காந்தமொன்றை அருகே பிடித்தால் மணிமணியாக எழுந்து ஒட்டிக்கொள்ளும். இக்கருமணலின் பெரும்பகுதி இல்மனைற்று என்னும் கனியமாகும். இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் என்னும் மூன்று மூலகங்கள் சேர்ந்த சேர்வை அது. தூய இல்மனைற்றின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு இரும்பு. எஞ்சியதைத் தைத்தேனியமும் ஒட்சிசனும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன.

இம்மூன்றனுள் தைத்தேனியம் ஒன்றையே உலகம் வேண்டி நின்றது. அதனோடு பிணைந்து கிடந்த இரும்பையும் ஒட்சிசனையும் அகற்றுவதற்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான இரசாயன முயற்சி செலவாயிற்று. அவ்வாறு அரும்பாடுபட்டு அகற்றப்பட்ட அதே இரும்பையும் ஒட்சிசனையும் சிற்றளவில் மீளச் சேர்த்தால், அடுக்கடுக்காக ஆக்கப்படும் தைத்தேனியம் வலிமை பெறுகின்றதென 2023 ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். வன்னிக் கரையின் ஒருபிடி மணலிற் கிடக்கும் மூன்று பொருள்களின் பிரிவும் மீள்கூட்டுமாக அமைந்த இவ்வரலாறு, அம்மணல் கிடக்கும் மண்ணில் அதிகம் பேசப்படாத ஒன்றாகும்.

மணலின் பிறப்பு கடலில் நிகழ்ந்ததன்று. இலங்கையின் அடிப்பாறைகள் மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளாகும். புவிச்சரிதவியலாளர் அவற்றை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி எனப் பிரித்து வழங்குவர். அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற நிலத்தின் பெயர் இன்று பாறையியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதிக்கும் பெயராய் நிற்றல் சுவையான செய்தியே. இப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உதிர, அவற்றுள் அழியாது எஞ்சிய கடினமான மணிகளை ஆறுகள் கடலுக்குக் கொண்டு சேர்த்தன. அதன்பின் நிகழ்வது நெல் தூற்றுவதை ஒத்தது. வடகீழ்ப் பருவக்காற்றின் வலிய அலை மணலைக் கரையேற்றும். திரும்பும் நீர் இலேசான படிக மணலை இழுத்துச் செல்லும். நீரைப்போல் நாலரை மடங்குக்கு மேற்பட்ட பாரமுடைய இல்மனைற்று இருந்த இடத்திலே தங்கும். ஆயிரமாயிரம் மாரிகள் தூற்றிக் குவித்த பொலியே கரையிற் கிடக்கும் கரும்படிவு. அதனோடு ரூட்டைல், சிர்க்கன், மொனசைற்று முதலிய கனியங்களும் கலந்திருக்கும்.

இப்படிவு மிகச் செறிந்து காணப்படும் இடம் கொக்கிளாய்க் களப்பின் தென்புறத்தே, திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டையாகும். களப்பின் வடகரை முல்லைத்தீவு மாவட்டம். நிருவாக எல்லை மணலுக்குத் தெரியாது. புல்மோட்டையிற் செறிந்து, கொக்கிளாய், நாயாறு என வடக்கே செல்லச் செல்ல விட்டுவிட்டுத் தொடரும் ஒரே தொடர்ச்சி அது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ண்வால் என்னும் பகுதியுண்டு. அங்கே வில்லியம் கிறேகர் என்ற பாதிரியார், மனக்கன் என்னும் பங்கின் ஓடையொன்றிற் கிடந்த கருமணலை 1791 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். காந்தத்தால் இழுபட்ட அம்மணலில் இரும்போடு அதுவரை அறியப்படாத வேறோர் உலோகத்தின் ஒட்சைட்டும் இருத்தலைக் கண்டார். கொக்கிளாயிற் கிடப்பதும் அவர் கையிற் பட்டதும் ஒரே கனியமே. நான்கு ஆண்டுகளின் பின் ஜேர்மனிய இரசாயனர் கிளாப்ரொத் ரூட்டைலிலிருந்து அதே மூலகத்தைத் தனியே கண்டறிந்து, கிரேக்கப் புராணத்தின் தைத்தான்கள் பெயரால் அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார்.

பெயர் கிடைத்த பின்னும் உலோகம் கிடைக்கவில்லை. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சுட்டால் இரும்பு வெளிப்படும். தைத்தேனியமோ அவ்வாறு சுட்டால் கரியையும் பற்றிக்கொள்ளும்; காற்றிலுள்ள நைதரசனையும் ஒட்சிசனையும் விழுங்கும்; உருக்கி வைத்த பாத்திரத்தையும் அரிக்கும். ஒட்சிசனிடத்து அதற்குள்ள வேட்கை அத்தகையது. ஏறக்குறையத் தூய உலோகம் கைவந்தது 1910 இலேயே. அமெரிக்காவில் ரென்சிலர் பல்தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த மத்தியூ ஹண்டர், தைத்தேனிய நாற்குளோரைட்டை அடைத்த உருக்குக் கலத்துள் சோடியத்தோடு சேர்த்துச் சூடாக்கி அதனைப் பெற்றார். லக்ஸம்பேர்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் குறோல் சோடியத்துக்குப் பதிலாக மகனீசியத்தைப் பயன்படுத்தினார். போர் ஐரோப்பாவைச் சூழ, 1940 இல் அவர் அமெரிக்கா சென்றார். அவர் வழியில் 1948 இல் அங்கு வணிக உற்பத்தி தொடங்கிற்று. இன்றும் உலகின் தைத்தேனியத்தில் மிகப் பெரும்பகுதி குறோல் வழியிலேயே பெறப்படுகின்றது.

அவ்வழியின் படிகளை நோக்கின் அகற்றலே அதன் உயிர்நாடி என்பது புலனாகும். முதலில் இல்மனைற்றின் இரும்பு, பெரும்பாலும் உலையில் உருக்கி நீக்கப்படும். எஞ்சியது கற்கரியோடும் குளோரீனோடும் தாக்கமுற்று ஒட்சிசனை இழந்து நாற்குளோரைட்டாகும். 136 பாகை சதமவெப்பநிலையிற் கொதிக்கும் இந்நீர்மம் காய்ச்சி வடிக்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டபின் மகனீசியத்தால் தாழ்த்தப்படும். அப்போது கிடைப்பது பஞ்சுபோல் துளைகள் நிறைந்த உலோகத் திரள். தொழிலில் அதற்குப் 'பஞ்சு' என்றே பெயர். அதனை வெற்றிடத்தில் உருக்கியே கட்டியாக்க வேண்டும். உருக்கின் ஏறத்தாழ அறுபது வீத அடர்த்தியே உள்ள, கடல்நீராலும் அரிக்கப்படாத ஓர் உலோகம் இத்தனை விலை பெறுவதற்குக் காரணம் தாதுவின் அருமையன்று, இந்த அகற்றலின் செலவே.

இலங்கையின் கனியங்களை முறைப்படி ஆராயும் பணி 1903 இல் கனிய ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக ஆனந்த குமாரசுவாமி பொறுப்பேற்றதோடு தொடங்கிற்று எனலாம். கலை வரலாற்றறிஞராகவே நினைக்கப்படும் அவர் தொழிலால் முதலிற் புவிச்சரிதவியலாளர் என்பதைப் பலர் மறந்துவிடுவர். மூன்றாண்டுகளே அப்பதவியிலிருந்தார். கீழைக்கரையின் கருமணல் தொழிலாக மாறுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1957 இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, புல்மோட்டையில் மணல் அகழப்பட்டுக் காந்தத்தாலும் மின்னிலையியல் முறையாலும் கனியம் கனியமாகப் பிரிக்கப்பட்டது. 1992 இல் இது லங்கா மினரல் சான்ட்ஸ் என்னும் அரச கம்பனியாயிற்று. பிரிக்கப்பட்ட இல்மனைற்று கப்பலேறி வெளிநாடு செல்லும். இங்கு நடைபெறுவது பிரித்தல் மட்டுமே. உலகில் தைத்தேனியக் கனியங்களின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு உலோகமாவதேயில்லை. வெண்ணிற ஒட்சைட்டாகிச் சுவர்ப்பூச்சிலும் கடதாசியிலும் பிளாத்திக்கிலும் சேர்கின்றது. கொக்கிளாய்க் களப்பின் கரையிற் கருமையாய்க் கிடந்த பொருள் எங்கோ ஒரு நகரத்துச் சுவரின் வெண்மையாய் முடிவதே அதன் வழக்கமான விதி.

போர்க்காலம் இக்கரையை வேறொன்றாக்கிற்று. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கரைக்கப்பால் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த 'கோடியாலிற்றி' என்னும் கப்பல் கடற்புலிகளால் தாக்கப்பட்டது. 2009 இற்குப் பின்னரே கொக்கிளாய் மக்கள் மீள வந்தனர். தொடர்ந்த ஆண்டுகளில் களப்பின் வடபுறத்திலும் மணல் அகழும் முயற்சி எழுந்தபோது, குடியிருப்புக் காணியும் கரைவலைப் பாடுகளும் பறிபோகுமென்றும் கடல் ஊரை அரிக்குமென்றும் அவர்கள் எதிர்த்தனர். மணலால் வரும் பயன் தம் ஊருக்கு என்ன என்ற அவர்களது வினாவுக்கு விடை, அம்மணல் எந்த நிலையில் ஊரைவிட்டுப் போகின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

பாக்குநீரிணைக்கு அப்பால் இதே வினா வேறு வகையில் எழுந்தது. திருவிதாங்கூர்க் கரையின் கருமணலிலிருந்த மொனசைற்றை 1909 இல் ஷோம்பேர்க் என்னும் ஜேர்மனியர் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும் எழுந்த தொழில் நெடுங்காலம் மணலும் வெண்பொடியும் விற்பதோடு நின்றது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடம் தானே வகுத்த முறையைக்கொண்டு, விண்வெளித்துறையின் பண உதவியோடு, ஆண்டுக்கு 500 தொன் அளவிலான பஞ்சு ஆலையொன்று 2011 இல் சவறையில் நிறுவப்பட்டது. மணல் கிடக்கும் கரையிலேயே உலோகமும் பிறக்க அங்கு நூறு ஆண்டுகள் சென்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

உலோகம் பிறந்தவுடன் பயன்படுவதில்லை. தூய இரும்பும் மென்மையானது, தூய செம்பும் மென்மையானது. சிறிது பிறபொருள் சேர்ந்தே உலோகம் கருவியாகின்றது. இவ்வறிவு கொல்லர் கையில் மிகப் பழையது. குமாரசுவாமி கனிய ஆய்விலிருந்து கலைக்குத் திரும்பியபின் 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், இத்தீவின் கொல்லர் இரும்பு உருக்கி உருக்காக்கிய முறையையும் எழுதினார். அதே முறையின் சேலத்து வடிவை ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830களில் விவரித்துள்ளார். மண்குகையுள் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங் கட்டைகளையிட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து ஊதுலையில் வைப்பர். கட்டையும் இலையும் கரியாகி இரும்போடு கலந்து உருக்காகும். நூற்றில் ஒன்றரைப் பங்களவு காபன், வெட்டாத இரும்பை வெட்டும் வாளாக்கிவிடும். 'வூட்ஸ்' என மேனாட்டார் வழங்கிய இவ்வுருக்கின் இரகசியத்தைத் தேடிய மைக்கேல் பரடே, 1820 ஆம் ஆண்டையொட்டி இரும்போடு வெள்ளி, பிளாற்றினம், ரோடியம் முதலியவற்றைச் சிறிது சிறிதாகக் கலந்து பார்த்தார். கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு அவரது தோல்வியே தொடக்கமாயிற்று. அவ்வாள்களின் அலைக்கோலத்துக்குத் தாதுவில் தற்செயலாக இருந்த வனேடியம் போன்றவற்றின் நுண்ணளவே காரணமென அமெரிக்க ஆய்வாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்றேயும் 1998 இல் காட்டினர். கொல்லர் அறியாமலே சேர்ந்த சேர்க்கை அது.

தைத்தேனியத்தின் சேர்க்கைகள் அறிந்தே செய்யப்பட்டவை. இவ்வுலோகத்துக்கு இரு பளிங்கு அமைப்புகள் உண்டு. 882 பாகைக்குக் கீழே அறுகோண வடிவான அல்பா. மேலே கனசதுர வடிவான பீற்றா. அலுமினியமும் ஒட்சிசனும் அல்பாவை நிலைப்படுத்தும். வனேடியமும் இரும்பும் பீற்றாவை நிலைப்படுத்தும். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக இருத்தி வலிமை பெறுவதே கலைத்திறன். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான, 6 வீத அலுமினியமும் 4 வீத வனேடியமும் சேர்ந்த 'ஆறு-நான்கு' கலப்புலோகம் இன்றுவரை அரசோச்சுகின்றது. விமான இயந்திரத்தின் விசிறித் தகட்டிலும் இடுப்பு மூட்டுக்குப் பதிலாக வைக்கும் தண்டிலும் இருப்பது அதுவே. அதில் ஒட்சிசன் 0.20 வீதத்துக்கு மேற்படலாகாது என்பது கட்டளை விதி. மேற்படின் உலோகம் வலுக்கும். ஆயின் வளையாது முறியும்.

உலோகத்தை வார்த்து, அடித்து, கடைந்து உருவாக்கும் மரபில் இக்கலப்புலோகம் குறையின்றி நடந்தது. 1980களில் வேறொரு முறை தோன்றிற்று. குளவி மண்ணை உருண்டை உருண்டையாக வைத்துக் கூடு கட்டுவதுபோல், பொருளை அடுக்கடுக்காக வைத்து வடிவமைக்கும் முறை அது. முதலிற் பிசினில் செய்யப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர் உலோகத் தூளை லேசர்க்கதிரால் உருக்கி ஒட்டவைக்கும் வழியை வகுத்தனர். கடைசலில் வீணாகும் சீவல் மிகப் பெறுமதியானது ஆகலின், தைத்தேனியமே இம்முறைக்கு ஏற்ற உலோகமென யாவரும் கருதினர்.

கருதியதில் ஒரு குறை வெளிப்பட்டது. லேசர் உருக்கும் குட்டை மிகச் சிறியது; மேலே கொதிப்பு, கீழே குளிர். வெப்பநிலைப் படித்திறன் அத்துணைச் செங்குத்தாயிருக்க, திண்மமாகும் பளிங்குமணிகள் ஓர் அடுக்கில் நில்லாது, கீழடுக்கின் மணியையே தொடர்ந்து மேல்நோக்கி வளர்ந்துசெல்லும். பனந்தோப்பைப்போல் நெடிதுயர்ந்த பீற்றா மணிகள் நிறைந்த அவ்வுலோகம் நெடுக்கே இழுத்தால் ஒரு வலிமையும் குறுக்கே இழுத்தால் வேறொரு வலிமையும் காட்டும். விமானத்தின் உறுப்புக்கு இது பொறுக்கத்தக்க குறையன்று.

ஏனைய உலோகங்களில் இக்குறை இத்தனை பெரிதாவதில்லை என்பதே ஆராய்ச்சிக்குத் திறவுகோலாயிற்று. உருகிய கலப்புலோகம் உறையும்போது சில மூலகங்கள் திண்மத்துட் புகாது முகப்பிலேயே நீர்மத்துட் தள்ளப்படும். அவை குவிந்த நீர்மத்தின் உறைநிலை தாழும். அதனால் முகப்புக்கு முன்னே ஒரு சிறு பகுதி, உறையவேண்டிய வெப்பநிலைக்குக் கீழிருந்தும் உறையாது காத்து நிற்கும். அப்பகுதியிலேயே புதிய மணிகள் முளைத்து நெடுமணிகளின் வழியை மறிக்கும். ஆறு-நான்கின் அலுமினியமும் வனேடியமும் திண்மத்திலும் நீர்மத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவிற் கலந்துவிடுகின்றன, தள்ளப்படுவதில்லை. எனவே முளைக்க இடமில்லை. நல்ல கலப்புலோகமாக அதனை ஆக்கிய அதே இரு மூலகங்களும் இங்கு பயனற்று நின்றன.

தள்ளப்படும் மூலகம் ஒன்றைச் சிறிது சேர்த்தாலென்ன என்ற எண்ணம் வார்ப்புத்துறையில் முன்னரே எழுந்திருந்தது. ஆறு-நான்கு வார்ப்பில் 0.1 வீதப் போரனைச் சேர்த்தால் மணியின் பருமன் ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறையுமென அமெரிக்காவிற் பணியாற்றிய தமிரிசகண்டலா, பட் முதலியோர் 2005 இல் வெளியிட்டனர். ஆயிரத்தில் ஒரு பங்கு! சோற்றுக்கு உப்புங்கூட இதைவிட மிகுதியாகவே இடப்படும். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் உபத்ரஷ்டா ராமமூர்த்தியும் உடனுழைத்தோரும் அத்தகைய உலோகத்தின் பொறிமுறை இயல்புகளை ஆராய்ந்தனர். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2015 இல் அதே போரனை அடுக்குமுறை ஆக்கத்துக்குக் கொண்டுசென்றனர். நெடுமணிகள் மெலிந்தன, முற்றாக மறையவில்லை. போரன் அளவு மீறினால் மணிகளின் எல்லையில் ஊசியூசியாகப் போரைட்டு படிந்து உலோகத்தை நொறுங்கச் செய்யும். 2019 இல் மெல்பேண் நகரின் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தார் தூய தைத்தேனியத்தோடு 8.5 வீதச் செம்பைச் சேர்த்து நெடுமணிகளை அடியோடு ஒழித்தனர். எப்பக்கமும் ஒத்த நுண்மணிகள் கிடைத்தன. எனினும் அதனைச் சிறுசேர்க்கை என்பது சொல்லுக்குச் செய்யும் தீங்காகும்.

2023 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு வேறு திசையில் நோக்கியது. ஆர்.எம்.ஐ.ரி., சிட்னிப் பல்கலைக்கழகம், ஹொங்கொங் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர் அலுமினியம், வனேடியம் ஆகிய இரண்டையுமே நீக்கினர். அவற்றின் இடத்தில் அல்பாவுக்கு ஒட்சிசனையும் பீற்றாவுக்கு இரும்பையும் வைத்தனர். இரும்பு 3 வீதத்தைச் சிறிது கடந்தது. ஒட்சிசன் அரை வீதத்தை அண்டியது. இரண்டும் மலிந்தவை, இரண்டும் பழைய உலோகவியலாளர் பகையாகக் கொண்டவை. பெரிய கட்டியாக வார்த்தால் மெல்ல உறையும் உலோகத்தில் இரும்பு ஆங்காங்கே திரண்டு பலவீனமான புள்ளிகளை உண்டாக்கும். லேசர்க் குட்டையோ நொடிப்பொழுதில் உறைவதால் இரும்பு திரளுவதற்கு நேரம் பெறுவதில்லை. உறைந்தபின் ஒட்சிசன் அல்பாவிலும் இரும்பு பீற்றாவிலும் நுண்ணிய அளவில் இடம்பிடித்து வலிமையும் நீளுந்தன்மையும் ஒருங்கே தருவதாக அவர்கள் கண்டனர். நெடுமணியை வளர்த்த அதே விரைவான குளிர்ச்சி இங்கு துணையாயிற்று.

இவ்வாய்வுக்குப் பொருளாதாரப் பக்கமும் உண்டு. குறோல் முறையில் விளையும் பஞ்சில் ஒரு பகுதி, இரும்பும் ஒட்சிசனும் நைதரசனும் மிகுந்தமையால் தரம் குறைந்ததென ஒதுக்கப்பட்டு மலிவாக விற்கப்படுகின்றது. அதுவே புதிய கலப்புலோகத்தின் மூலப்பொருளாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. நைதரசனின் கேடு எஞ்சியிருக்கின்றது. பல்லாண்டு அதிர்வைத் தாங்கும் உறுப்பாக அதனை ஏற்பதற்கு விமானத்துறை கேட்கும் சோதனைகளும் நெடியவை. கருமணலை அப்படியே உருக்கி உலோகமாக்கலாம் என்றும் இதற்குப் பொருள்கொள்ளலாகாது. இல்மனைற்றிலுள்ள இரும்பு 37 வீதம், வேண்டியது மூன்று. ஒட்சிசன் 32 வீதம், வேண்டியது அரை. குளோரீன் உலையும் மகனீசியக் கலமும் இன்றும் தவிர்க்கவொண்ணாதவை. தளர்ந்திருப்பது தூய்மையின் கடைசிப் படியே; செலவு மிகுந்த படிகளுள் அதுவும் ஒன்று.

சவறையில் உள்ளது போன்ற ஓர் ஆலை இலங்கையில் இல்லை. வன்னியில் அதற்கு வேண்டிய மின்வலு, குளோரீன், உலோகவியல் கற்ற ஆள்வலு என்பனவும் இல்லை. 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கெனச் சட்டத்தில் இடம்பெற்ற பொறியியற் பீடம் கிளிநொச்சியில் மாணவரைச் சேர்த்தது 2013 இலேயே. அப்பீடம் நிற்கும் அறிவியல்நகரிலிருந்து கொக்கிளாய்க் கரைக்குச் செல்லும் பயணம் சில மணிநேரமே. புல்மோட்டையிற் பிரிக்கப்படும் இல்மனைற்று இன்னமும் மணலாகவே கப்பலேறுகின்றது. களப்பின் வடகரையில் ஒவ்வொரு மாரியும் புதிய கரும்பட்டைகளைப் படியவைத்துச் செல்கின்றது.